பிரிவென்டரில் ஒரு துண்டு வயர்

மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போனால் மோட்டாரை உடனே நிறுத்தப் பிரிவென்டர் என்ற கருவி இருக்க வேண்டும். அதை மாட்டுவதும் பராமரிப்பதும் வாடிக்கையாளர் பொறுப்பு. மின் அலுவலக ஆய்வாளர் இந்த விதியைப் பத்தொன்பது வருஷமாக ஓதி வந்தார். பிரிவென்டரை வயர் போட்டு ஏமாற்றுபவர்களை நிற்க வைத்துக் கிழிப்பார். பெரிய யோக்கியர். தங்கை விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டார். மூடியது மட்டுமா, அந்த வயரைப் போட்டதே அவர்தான்.

புருஷன் போன பிறகு தங்கை கோழிக்குஞ்சு பொரிப்பகம் நடத்திப் பிழைத்தாள். போன மாதம் போன் செய்தாள்.

"அண்ணா, லைன்ல கரண்ட் நல்லாத்தான் இருக்கு. பிரிவென்டர் மட்டும் சும்மா சும்மா ஆஃப் ஆகுது. ஃபேன் நின்னா முட்டை என்னத்துக்கு ஆகும்?"

அவர் போய்ப் பார்த்தார். பிரிவென்டர் பழுது. "ரெண்டு நாள்ல புதுசு கொண்டு வந்து மாட்டிடறேன், அதுவரைக்கும் இது இருக்கட்டும்" என்று ஒரு துண்டு வயரை முறுக்கி மாட்டினார். புதுசு வந்தது, அவருடைய மேஜை டிராயரில் கிடந்தது. இன்றைக்கு நாளைக்கு என்று மூன்று வாரம் கடத்தினார். அண்ணன் சொன்னால் செய்வார் என்று அவளும் கேட்கவில்லை.

நேற்றுக் காலை அவள் தீவனக் கடைக்குப் போயிருந்த நேரம், லைனில் ஒரு முனை போனது. ஃபேன் மோட்டார் உறுமி உறுமி எரிந்தது; சேர்த்து நிறுத்தப் பிரிவென்டர் இல்லாததால் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வந்தபோது பொரிப்பான் அனலாய்க் கொதித்தது. உள்ளே இன்று பொரிய வேண்டிய ஒன்பதாயிரம் முட்டைகள். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

இன்று நஷ்டஈட்டு விசாரணைக்கு வந்த மின் அலுவலகப் பொறியாளர் வயரைச் சுட்டிக் காட்டினார். உடன் வந்த ஆய்வாளர் அவளுடைய அண்ணன் என்று அவருக்குத் தெரியாது.

"இத யாரும்மா போட்டது?"

உண்மையைச் சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் ஆய்வாளர் வந்திருந்தார். இப்போது கையிலிருந்த நோட்டைப் புரட்டினார். வேலை போகும், ஓய்வூதியம் போகும்.

"நான்தான் சார்," என்றாள் தங்கை.

"அப்ப நாங்க ஒண்ணும் பண்ண முடியாதும்மா. பொறுப்பு உங்களோடது." ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க."

எழுதினார். வாடிக்கையாளரே பாதுகாப்புக் கருவியை முடக்கியுள்ளார் என்று ஒரு எழுத்து விடாமல் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். பொறியாளர் வெளியே ஜீப்புக்குப் போனார்.

தங்கை தட்டுகளை வெளியே எடுக்கத் தொடங்கினாள். சில ஓடுகளில் சின்னத் துளை; கொத்தி மூக்கை நீட்டியவை அப்படியே அடங்கிப் போயிருந்தன. அவர் பக்கத்தில் வந்தார்.

"அம்மாடி, நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள நீ..."

"இல்லண்ணா. நீ சொல்ல மாட்டேன்னு தெரியும். சொல்லாம நிக்கறத என் கண்ணால பாக்க வேணாம்னுதான் முந்திக்கிட்டேன்."

அவர் உதவ நீட்டிய கையை விலக்கிவிட்டு, அடுத்த தட்டைத் தானே தூக்கினாள்.