வரிசையைக் கலைத்தவள்

1

கண்ணுகளா, இந்தக் கதை எனக்கு மாரெட்பள்ளிக் காய்கறிக் கடையில் கிடைத்தது. பீர்க்கங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "அவ சொன்னான்னுதானே வீட்டுக்குப் போனேன்" என்றாள். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதியை நானே கட்டினேன்.

முதல் தொடக்கம்: 'மங்கையர்க்கரசி ஒன்றும் அறியாதவள். அந்தப் படுபாவிகள் அவளை...'

(அடித்துவிட்டேன். காரணம் வருகிறது.)

2

வருஷம் இரண்டாயிரத்து இரண்டு. நாச்சாரத்தில் ஒரு மாத்திரை ஃபேக்டரி. மங்கையர்க்கரசி அங்கே சங்கச் செயலாளர். ஆம்பூரிலிருந்து இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்தவள். பாக்கிங் பெஞ்சில் தொடங்கியவள், நிர்வாகத்தோடு மூன்று சம்பள ஒப்பந்தங்கள் போட்டாள். ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாக விரல் வைத்துப் படித்து, புரியாததைக் கேட்ட பிறகுதான் கையெழுத்து. அதனாலேயே தொழிலாளர் கூட்டுறவு வங்கியில் அவளை இயக்குநராக்கினார்கள்.*

* இயக்குநர்களில் அவள் ஒருத்திதான் பெண். டீ ஊற்றச் சொன்னார்களாம், மறுத்தாளாம். இது என் கற்பனை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

3

வங்கித் தலைவர் தன் மைத்துனருக்கு, கச்சிபௌலியில் கட்டடம் கட்ட, கடனை வாரிக் கொடுத்தார். அந்தப் பக்கம் மனை விலை ஏறுகிறது, பயமில்லை என்றார்கள். மங்கையர்க்கரசியும் படித்துப் பார்த்து, நம்பிக் கையெழுத்திட்டாள். கடன் திரும்பவில்லை. பேச்சு வெளியே கசிந்து, ஒருநாள் காலை வங்கி வாசலில் பணம் எடுக்க நீண்ட வரிசை. இன்று மட்டும் இவர்கள் போய்விட்டால் பிழைத்துக்கொள்வோம் என்று தலைவர் அவளைக் கெஞ்சினார். வங்கி ஆட்டம் கண்டது அவளுக்குத் தெரியும். தெரிந்தே வெளியே வந்தாள்.

"யாரும் எடுக்காதீங்க. ஒருத்தி எடுத்தா எல்லாரும் முங்குவோம். வீட்டுக்குப் போங்க."

போனார்கள். அவள் சொன்னால் வேலைநிறுத்தத்தில் உட்கார்ந்தவர்கள், அவள் சொன்னால் எழுந்தவர்கள். பாக்கிங் பெஞ்சில் அவளோடு உட்காரும் ஆக்னஸும் போனாள், மகனின் கம்ப்யூட்டர் காலேஜ் பணத்தை உள்ளேயே விட்டுவிட்டு. மத்தியானம் தலைவரின் சொந்தக்காரர்கள் பின்வாசல் வழியாக வந்து தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் கதவில் பூட்டு.

4

வழக்கு வந்தது. சங்கத்தின் வக்கீல் வரதராஜன் நல்ல மனிதர். (வில்லனாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை.) ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து கொண்டுவந்தார்: எனக்கு ஆங்கிலம் தெரியாது, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒப்புக்கொண்டால் வெறும் சாட்சி. மறுத்தால் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருத்தி.

"படிக்கத் தெரியாத பொம்பளைன்னா ஜட்ஜே இரக்கப்படுவார்மா."

"நக்கோ சார், வேணாம். மூணு அக்ரிமெண்ட் படிச்சுப் போட்டவ நான்."

"உள்ள வெச்சுடுவாங்க."

"ஹவ், ஆமா, வெக்கட்டும். படிச்சவளாவே உள்ள போறேன்."

கண்ணுகளா, என் முதல் தொடக்கமும் வக்கீலின் காகிதம்தான். நானும் அவளுக்கு இரக்கம் வாங்கித் தரப் பார்த்தேன். அவளுக்கு வேண்டாமாம்.

5

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

(அ) அவள் விஷம்... இல்லை. தப்பு செய்த பெண்ணைக் கதைக்காரர்கள் கொன்றது போதும். இவளைத் தர மாட்டேன்.

(ஆ) கோர்ட் எல்லோர் பணத்தையும் திருப்பி... சிரிக்காதீர்கள்.

(இ) ஷிஃப்ட் மாறும் நேரம், ஃபேக்டரி கேட். வங்கி ஆட்டம் கண்டது தெரிந்தே வரிசையைத் திருப்பி அனுப்பியதை, கூடியிருந்தவர்களிடம் அவள் எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். முன்வரிசையில் ஆக்னஸ்.

"எம்பையன் காலேஜ் சீட்டு போச்சுக்கா. அதுக்கு இன்னா சொல்ற?"

"ஆமா. என்னாலதான் போச்சு." மங்கையர்க்கரசி குரலைத் தாழ்த்தவில்லை. "ஆனா அவனுங்க எழுதினதையெல்லாம் படிச்சவ இங்க நான் ஒருத்திதான். கோர்ட்ல ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லுவேன். ராஜினாமா பண்ண மாட்டேன். நான் வேணான்னா, கையத் தூக்கி என்னைப் பதவிலேருந்து எறக்குங்க."

பின்னால் சில கைகள் எழுந்தன. ஆக்னஸின் கை இன்னும் நீலக் கோட்டுப் பைக்குள். அது வெளியே வருகிறதா என்று நான் எழுதப்போவதில்லை. அவள் பக்கத்தில் உங்களை நிறுத்துகிறேன். உங்கள் பணமும் அந்த வங்கியில்தான் போனது. மங்கையர்க்கரசி தலைகுனியாமல் உங்களைத்தான் பார்க்கிறாள்.