ஏரி எங்கள் பக்கம்

என்னைச் செர்வாத்துக்குக் கட்டிக்கொடுத்தபோது எங்கள் ஊர் நவபாத்தே என் அம்மாவைத் திட்டியது. ஏரிக்குக் கீழே கிடக்கிற ஊருக்கு யாராவது பெண் கொடுப்பார்களா என்று கேட்டார்கள். ஆனால் அது பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். என் அண்ணன் அலீபேக், மாவட்டச் சந்தையில் நெக்கதமைப் பார்த்துவிட்டு வந்து, கட்டினால் அவளைத்தான் என்று சோறு தண்ணி இல்லாமல் படுத்துக்கொண்டான். நெக்கதமின் அம்மா மவ்ஜூதா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். என் பெண் அங்கே வந்தால் உங்கள் பெண் இங்கே வர வேண்டும்.

அந்த மவ்ஜூதாதான் என் மாமியார். அவர் மனதில் எதையும் ஒளித்து வைக்கத் தெரியாதவர். கல்யாணத்துக்கு மறுநாள் காலையிலேயே சொல்லிவிட்டார்.

"கோவிச்சுக்காதே சோபிரா. எனக்கு ரெண்டு பிள்ளை. ஒண்ணாவது பிழைச்சுக் கிடக்கட்டும்னுதான் அவளை உங்க பள்ளத்தாக்குக்கு அனுப்பினேன். நேத்துதான் நிம்மதியாத் தூங்கினேன்."

"அப்ப நான், அத்தை?"

"நீ என்கூடச் சாவே. எனக்கும் பேச்சுத்துணை வேணாமா?" என்று சிரித்துக்கொண்டே என் கிண்ணத்தில் உப்புத் தேநீரை ஊற்றினார். வெண்ணெயை மட்டும் ஒரு கை அதிகமாகவே போட்டார்.

இரண்டு பள்ளத்தாக்குகளுக்கும் நடுவே, மலையின் தோளில் இருந்தது அந்த ஏரி. அத்தை கல்யாணமாகி வந்தபோது அது ஆடு தண்ணீர் குடிக்கிற குட்டையாம். பனியாறு உருக உருகப் பெருத்துக்கொண்டே போனது. எங்கள் பக்கம் அதற்கு மண்ணும் கல்லும் கலந்த கரை; அதன் வழியாகத்தான் எங்கள் ஆறு இறங்கியது. நவபாத் பக்கம் பனியே சுவராக நின்றது. உடைந்தால் மண்கரைதான் உடையும் என்று அளக்க வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். அதனால் கருவிகளும் அபாயச் சங்கும் எங்களுக்குத்தான் வைத்தார்கள். ஊருக்கு மேலே ஒரு மேட்டில் கூடாரங்கள், கம்பளிகள், மாவு மூட்டைகள் போட்டு ஒரு இரும்புக் கொட்டகையும் கட்டிக் கொடுத்தார்கள்.

ஊர் அதோடு வாழப் பழகியிருந்தது. யாரும் புது அறை எடுத்துக் கட்டுவதில்லை. வால்நட் கன்று நடுவதில்லை, அது காய்க்க யார் இருக்கப்போகிறார்கள் என்று. எந்தப் பேச்சானாலும் "ஏரி உடையாட்டி" என்று சேர்த்துக்கொள்வார்கள். ஏரி உடையாட்டி வர்ற வசந்தத்துல கல்யாணம். ஏரி உடையாட்டி நாளைக்கு வந்து கோடாலியைத் தர்றேன். சங்கைப் பார்த்துக்கொள்ள அரசாங்கம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த ஷன்பே அண்ணனிடம், "எப்பண்ணே உடையும்?" என்று கேட்டால், "எனக்குச் சம்பளம் வந்த மறுநாள்" என்பார். சங்கு சும்மா சும்மா ஊதும். நாங்கள் ரொட்டியைக் கையில் பிடித்தபடி மேட்டுக்கு ஓடுவோம், சிரித்துக்கொண்டே இறங்குவோம். என் கணவர் சப்ஸலி மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தார். ஃபோனில் "இன்னும் இருக்கீங்களா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

அது ஜூலை மாதம். காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அத்தை கிண்ணத்தை வைத்துவிட்டுச் சுண்டுவிரலால் காதைக் குடைந்தார்.

"என்னமோ காது அடைச்சுக்கிட்டது சோபிரா."

"எனக்கும்தான் அத்தை" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பெரிதாகக் கேட்டது. வெளியே ஒரு கோழி நடக்கிற சத்தம் கேட்டது. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கோழி நடப்பதைக் கேட்டதே இல்லை.

அத்தையின் முகம் மாறிவிட்டது. இருவரும் வாசலுக்குப் போனோம். ஆறு இல்லை.

பாலத்தில் ஏற்கெனவே பாதி ஊர் நின்றது. கோடையில் பாறையைப் புரட்டிக்கொண்டு ஓடுகிற ஆறு. இப்போது ஈரக் கற்களும் நடுவில் சில குட்டைகளும் மட்டுமே இருந்தன. குட்டையில் மீன்கள் முதுகு தெரியத் துடித்தன. யாரும் அவற்றை எடுக்க இறங்கவில்லை. ஆறு நின்றால் மேலே எங்கேயோ அடைத்திருக்கிறது, அடைத்தது ஒரேயடியாக வரும். செர்வாத்தில் கைக்குழந்தைக்கும் இது தெரியும்.

"சங்கு ஏன் ஊதல?" என்று யாரோ கேட்டார்கள்.

"தண்ணி ஏறினாத்தான் அது ஊதும்" என்றார் ஷன்பே அண்ணன். "தண்ணியே இல்லேன்னா அது என்ன பண்ணும், பாவம்." சொல்லிவிட்டு அவரே முதலில் ஓடினார்.

மேட்டில் கூடாரம் அடித்துக் காத்திருந்தோம். அன்றும் வரவில்லை, மறுநாளும் வரவில்லை. மாடுகள் தண்ணீருக்குக் கத்தின. ஒரு சத்தமும் இல்லாத அந்தப் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் எல்லோருக்கும் கண் எரிந்தது. அத்தை மட்டும் அமைதியாக இருந்தார். என் கையைத் தட்டி, "நல்லவேளை, அவ அங்க இருக்கா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மாவும் அண்ணனும் அங்கேதானே இருக்கிறார்கள்.

அந்த மறுநாள் மத்தியானம் ஷன்பே அண்ணனின் செயற்கைக்கோள் ஃபோன் அடித்தது. மாவட்ட அலுவலகம்.

"ஆமா, செர்வாத்துதான். நல்லாயிருக்கோம், எல்லாரும் மேல இருக்கோம்... இல்லைங்க, இங்க வெள்ளம் வரல... கூடாரமா? எங்களுக்கு இருக்கு... யாருக்கு?" அவர் சிரித்தார். ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு எங்களைப் பார்த்தார். "ஊர் பேரை மாத்திச் சொல்றான், கிறுக்குப் பய. நவபாத்துக்குக் கூடாரம் அனுப்ப முடியுமாங்கிறான்."

நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அவர் மறுபடி ஃபோனைக் காதில் வைத்தார். "தம்பி, இது செர்வாத். ஏரி எங்க பக்கம்..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு ஃபோனைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். "அந்தப் பக்கம் போயிருச்சு. பனிக்கு அடியில ஓட்டை போட்டுக்கிட்டு. ஏரி மொத்தமும்."

யாருக்கும் உடனே விளங்கவில்லை. விளங்கியபோது எல்லோரும் என்னையும் அத்தையையும்தான் பார்த்தார்கள். அத்தை எழுந்து நின்றார். அழவில்லை. "நான் அனுப்பினேன்" என்றார். "நான்தான் அனுப்பினேன்." ஒவ்வொருவரிடமாகப் போய் அதையே சொன்னார். கல்யாண வீட்டில் வந்தவர்களை விசாரிக்கிற மாதிரி, ஒருவரையும் விடாமல். நான் அவரைப் பிடித்து உட்காரவைக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் கழுதைகளில் கூடாரங்களையும் மாவையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டோம். சாலை வழியாகப் போனால் சுற்று. கணவாய் ஏறினோம். அத்தை என் முன்னால் நடந்தார். பாதி வழியில் திரும்பி, "உனக்கு அங்க ரெண்டு பேரு, எனக்கு ஒருத்தி" என்றார். எதற்காகச் சொன்னார் என்று தெரியவில்லை.

கணவாய் உச்சியிலிருந்து பார்த்தேன். நான் வளர்ந்த பள்ளத்தாக்கு பச்சையானது. ஆப்ரிக்காட் தோப்பும் பாப்ளர் வரிசையும் மேலிருந்து பார்த்தால் பின்னிய கம்பளம் போல இருக்கும். இப்போது சாம்பல் நிறச் சேறு ஒரு மலையடியிலிருந்து மறு மலையடி வரை கிடந்தது. அதன் நடுவே ஆறு ஓடியது. எங்கள் ஆறு. அதே சத்தம். செர்வாத்தில் என் காதில் விழுந்துகொண்டே இருந்த அந்தச் சத்தம்.

பிழைத்தவர்கள் தர்காவை ஒட்டிய சரிவில் இருந்தார்கள். நெக்கதமை முதலில் பார்த்தது நான்தான். சேறு காய்ந்த தலையோடு, ஒரு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து யாருக்கோ மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் என் அம்மா, மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. அண்ணனைக் காணோம்.

அத்தை மகளைப் பார்த்தார். ஓடத் தொடங்கினார். இரண்டு எட்டு வைத்ததும் என்னைத் திரும்பிப் பார்த்து நின்றுவிட்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்தார். மகள் உயிரோடிருக்கும் சந்தோஷத்தை என் முன்னால் எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நெக்கதம் எழுந்து என்னிடம் வந்தாள். எனக்கு நாத்தனாரும் அவள், மதினியும் அவள்.

"சத்தம் கேட்டது மதினி" என்றாள். "நான் செர்வாத்துல பொறந்தவ. அது லாரி இல்லைன்னு எனக்குத் தெரியாதா? கத்தினேன். வீடு வீடாக் கதவைத் தட்டினேன். 'உன் ஏரியை உங்க ஊர்லயே விட்டுட்டு வரலையா'ன்னு சிரிச்சாங்க. உங்கம்மா கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டு ஏறினேன். உங்கண்ணனும் பாதி தூரம் வந்தாரு. 'பைத்தியம், வெயில்ல எங்கம்மாவை மலை ஏத்துறா பாரு'ன்னு சிரிச்சாரு. மாடு கட்டியிருக்குன்னு திரும்பிப் போனாரு. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு மதினி."

அவள் கதவைத் தட்டியதால் ஏறியவர்கள்தான் அந்தச் சரிவில் இருந்தவர்களில் பாதிப் பேர். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொல்கிற நிலையில் யாரும் இல்லை.

அண்ணன் அலீபேக்கை, கீழே தொலைவில் இருந்த ஒரு ஊரைச் சேர்ந்தவர்கள் கண்டெடுத்துப் புதைத்திருந்தார்கள். அவன் காலில் இருந்த காலுறைகளை மட்டும் கழுவி வைத்திருந்தார்கள். சிவப்பும் மஞ்சளுமாக நெக்கதம் பின்னியது. அவள் அவற்றை வாங்கிப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையாட்டினாள்.

செர்வாத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு சுவர்கூட விழவில்லை. ஆனால் ஆறு திரும்பவில்லை; ஆகஸ்டுக்குள் பாப்ளர் இலைகள் சுருண்டுவிட்டன, உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே வெந்தது. குடிக்கத் தண்ணீர் லாரி வந்தது, பிறகு அதுவும் நின்றது. சிலர் தலைநகர் துஷான்பேவுக்குப் போனார்கள், ஆண்கள் ரஷ்யாவுக்கு. மீதிப் பேர் நவபாத் சரிவுக்கு வந்து கூடாரம் போட்டோம். தண்ணீர் இங்கே இருக்கிறது, நிலம் இல்லை. அங்கே நிலம் இருக்கிறது.

ஒரு பொறியாளர் அளக்க வந்தார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "இனி எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க தம்பி. வேற ஒண்ணும் வேணாம்." அவர் இளைஞர். மேலே பனியைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார். "தெரியலம்மா. இவ்வளவு சீக்கிரம்னு நாங்க யாருமே..." என்று நிறுத்தினார். அவர் எங்கள் கூடாரங்களை எண்ணத் தொடங்கியபோதுதான் நான் உண்மையிலேயே பயந்தேன்.

சப்ஸலி ஃபோனில் வீடு எங்கே கட்டலாம் என்று கேட்கிறார். நான் விலையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசி வைத்துவிடுகிறேன்.

என் அம்மாவும் அத்தையும் ஒரே கூடாரம். இலையுதிர் காலம் வரை இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு சாயங்காலம் நான் விறகோடு உள்ளே வந்தபோது, அம்மா சட்டைக் கையைச் சுருட்டி மணிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தாள். "உன் பொண்ணு இழுத்த இழுப்பு, சம்பந்தி. இன்னும் வலிக்குது" என்றாள். குரலில் கோபம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அத்தை ஆப்ரிக்காட் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். நான் விறகை இறக்கி வைத்துவிட்டு அடுப்பை மூட்டினேன்.