ஒரே ஒரு விதைப்பு

"ஒரே ஒரு விதைப்பு. விதைச்சதை எடுத்துட்டு நிலத்தை விட்டுடணும்" என்று என் கணவர் முசையிப் சொன்னபோது நான் சமோவரிலிருந்து தேநீர் பிடித்துக்கொண்டிருந்தேன். எதிரே அவருடைய தங்கை ஷஹர்பானு. புருஷன் செத்து, கஸ்வீன் நகரத்திலிருந்து ஒற்றைப் பெட்டியோடு திரும்பியவள். அப்பாவின் நிலத்தில் தன் பங்கைக் கேட்டுவிட்டாள். எங்கள் எஷ்கெவர் மலையில் பெண்கள் பங்கு கேட்பதில்லை. அண்ணன் தம்பிக்கு விட்டுக்கொடுத்து நல்ல பேர் வாங்கிக்கொள்வோம். நானும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பேரை வைத்து ஒரு ரொட்டி சுட முடியாது.

ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைச் சாட்சி வைத்து, எங்கள் ஹேசல்நட் கொட்டை மரத் தோப்புக்கு மேலே இருக்கும் கல்லுச் சரிவைக் கொடுத்தார். "சரிண்ணே" என்றாள், அவ்வளவுதான். இலையுதிர் காலத்தில் ஒரு பையோடு உச்சி மலைக்கு ஏறிப்போய், மூன்றாம் நாள் திரும்பி வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கருத்த, சொரசொரப்பான விதைகள்.

"இது என்னன்னு தெரியுதா அண்ணி?"

ஆற்றுக்கு அக்கரையில் என் பிறந்த ஊரில் சரிவெல்லாம் அதுதான், மாட்டுநாக்குச் செடி. இந்தக் கரையில் யாரும் பயிரிட்டதில்லை. தேநீருக்குக் காட்டில் பூத்ததைப் பறித்து வருவதோடு சரி. இருபது வருஷம் தெஹ்ரானில் லாரி ஓட்டிய என் கணவருக்கு அந்தப் பூவைத் தேநீர்க் குவளைக்குள் மட்டுமே தெரியும்.

"தெரியல. சிந்தாம எடுத்துட்டுப் போ" என்றேன்.

வசந்தத்தில் ரோமம் அடர்ந்த இலைகள் தரையோடு படிந்து கிடந்தன. கோடை முடிந்தும் ஒரு பூ இல்லை. "என்ன முசையிப், உன் தங்கச்சி கழுதைக்குக் கீரை போட்டிருக்காளா?" என்று பக்கத்துத் தோப்புக்காரன் கேட்டுவிட்டான். மறுநாளே கோவேறு கழுதையில் கலப்பையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் பின்னாலேயே ஓடினேன். ஷஹர்பானு சரிவின் நடுவில் நின்றிருந்தாள்.

"வெளையல இல்ல? நகரு."

"எடுத்துட்டு விடணும்னுதானே சொன்னே? நான் இன்னும் எடுக்கலையே. முத வருசம் இலைதாண்ணே. பூ அடுத்த வருசம்."

"அப்புறம்?"

"அதுக்கடுத்த வருசமும். வேர் நாலஞ்சு வருசம் கெடக்கும்."

அவர் என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

"நல்ல குடும்பம்டா இது" என்று கழுதையிடம் சொல்லிவிட்டு அதைத் திருப்பினார். சாட்சி வைத்துச் சொன்ன சொல். மீறினால் ஊரில் தலை நிமிர முடியாது. பத்து நாள் என்னோடு பேசவில்லை. வீடு நிம்மதியாக இருந்தது.

அடுத்த கோடையில் சரிவு முழுக்க ஊதாப் பூ. வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும், சாயங்காலம் உதிர்ந்துவிடும். நானும் போனேன். பூவுக்கு அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்தைச் செடியிலேயே விட்டுவிட்டு இதழை மட்டும் உருவ வேண்டும். விதை அந்தக் கிண்ணத்தில்தான் முற்றும். சுணை குத்திக் குத்தி விரலெல்லாம் தடித்துப்போயிற்று. பூ விற்ற காசில் ஷஹர்பானு சரிவிலிருந்த பழைய ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரை போட்டு, அங்கேயே குடிபோனாள்.

குளிர்காலத்தில் ஒரு நாள் என் கணவர், "நெஞ்சு படபடங்குது, அந்தப் பூவைப் போட்டுக் குடு" என்றார். காய்ந்த எலுமிச்சை சேர்த்துக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன்.

"எங்க வாங்கினது?"

"வாங்கல. மேல் சரிவு."

குடித்து முடித்தார். இன்னொரு குவளையும் கேட்டார்.

பனி கரைந்ததும் தோப்பில் களையெடுக்கப் போனார். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்துக்கொண்டு நான் போனபோது மண்வெட்டியை ஓங்கியவர் அப்படியே நின்றிருந்தார். மேலே முற்றிய விதைகள் மழையோடு உருண்டு வந்திருக்கின்றன. மரங்களுக்கு நடுவே, தரையோடு தரையாக, ரோமம் அடர்ந்த இலைகள். பத்தா, இருபதா, தோப்பின் கடைசி வரைக்கும்.

"ஏய், இதை யாரு இங்க விதைச்சது?" என்று சரிவைப் பார்த்துக் கத்தினார்.

ஷஹர்பானு இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள். "நான் இல்லண்ணே. நான் ஒரே ஒரு விதைப்புதான்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொண்டேன். அவர் குந்தி உட்கார்ந்து ஓர் இலையைத் தொட்டார். சுணை குத்தியிருக்க வேண்டும், விரலைச் சட்டையில் தேய்த்துக்கொண்டார். பிறகு மண்வெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்த இலைகளை ஒட்டி முளைத்திருந்த புல்லைக் கையால் பிடுங்கினார்.