குருவிக்கூடும் ரோபோவும்

"முதல்ல கண்ணைப் பார்த்துடுவோம். அப்புறம் ஃப்ரேம். ஃப்ரேம் எங்கயும் ஓடிப் போயிடாது."

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவர் இதைச் சொல்லாத நாளில்லை. வருகிறவர்கள் எல்லோரும் நேராக ஃப்ரேம் அலமாரிக்குத்தான் போவார்கள். தனக்குக் கிட்டப்பார்வையா தூரப்பார்வையா என்பதே தெரியாமல், தங்க நிறத்துக்கும் கறுப்புக்கும் நடுவில் கிடந்து அல்லாடுவார்கள். அவர்களைச் சமாதானம் செய்து சோதனை அறை நாற்காலியில் உட்கார வைப்பதுதான் அவர் வேலை. இத்தனை வருஷத்தில் அது அவருக்கு அலுத்ததே இல்லை. கடையில் அவருக்குக் குருவிக்கூடு என்று பெயர்.

புதிதாக வருபவர்கள் அந்தப் பெயரைக் கேட்டு விழிப்பார்கள். மனிதர் தலையில் இப்போதெல்லாம் எந்நேரமும் ஒரு தொப்பி. தொப்பிக்குள்ளே கூடும் இல்லை, குருவியும் இல்லை.

பெயர் வைத்தவர் அவருடைய மாமனார். அந்தக் காலத்தில் நெற்றியில் புரளும் சுருளும் பின்பாக்கெட்டில் சீப்புமாகத் திரிந்த இளைஞன் பெண் கேட்டு வந்து நின்றபோது, தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, இந்தக் குருவிக்கூட்டை நம்பியா என் மகளைக் கொடுப்பது என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பிலேயே பாதிச் சம்மதம் வந்துவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிறு மாலையென்றால் இருவரும் ஆற்றுப் பாலத்தில் நடக்கப் போவார்கள். காற்று அவருடைய சுருளைக் கலைத்துவிடும். அவள் நடுப்பாலத்தில் நிறுத்தி, ஒற்றை விரலால் அதைத் திரும்பச் சுருட்டிவிடுவாள். போகிறவர் வருகிறவர் பார்ப்பதைப் பற்றி அவளுக்குக் கவலையே இருந்ததில்லை. முடி போனதுகூடப் பெரிதில்லை, அதோடு அந்த விரலும் போய்விட்டதே என்பதுதான் அவருடைய குறை.

முடி போய்ப் பல வருஷம் ஆகியும் பாலத்து நடை மட்டும் நிற்கவில்லை. அது நின்றது மூன்று மாதத்துக்கு முன்னால்தான். மனைவி நீச்சல் குளத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவள். வயது அவளைத் தொடாமல் தள்ளியே நின்றது. ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலி அம்மாள் அவரைக் காட்டி, "உங்க அப்பாவா?" என்று அவளிடம் கேட்டுவிட்டாள். அதைக் கேட்டு மனைவி சிரித்தாள். அந்தம்மாள் கேட்டதை அவர் அன்றே மறந்திருப்பார். மனைவி சிரித்ததுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது.

மறுநாளே தொப்பி ஏறியது. ஞாயிறு வந்தால் தலைவலி, முதுகுவலி என்று ஏதாவது ஒரு சாக்கு. அவள் சில வாரம் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு தனியாகவே பாலத்துக்குப் போய்வந்தாள்.

அவரோ மும்முரமாக ஆராய்ச்சியில் இறங்கினார். முடி நடுவதில் இரண்டு வழி இருப்பதாகத் தெரிந்தது: பின்னந்தலையிலிருந்து முடியை ரோபோ எடுப்பது ஒன்று, டாக்டரே கையால் எடுப்பது இன்னொன்று. மச்சான் ரோபோ கட்சி. இயந்திரத்துக்குக் கை நடுங்காது, தூக்கம் வராது என்றான். கடையில் லென்ஸ் தேய்க்கும் நண்பர் கைக் கட்சி. மிஷின் எவ்வளவு தேய்த்தாலும் ஃப்ரேமில் உட்கார வைப்பது தன் விரல்தானே என்றார். ஒரு முடிநடும் நிலையத்துக்குப் போன் போட்டால், தேனாகப் பேசிய ஒரு பெண், ரோபோவா கையா என்று காபியா டீயா கேட்பதுபோலக் கேட்டாள். யோசித்து யோசித்துக் கடைசியில் ரோபோ என்றார். வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள். கம்பெனிப் பயிற்சிக்கு வெளியூர் போவதாக மனைவியிடம் பொய் சொல்லி வைத்தார்.

வியாழக்கிழமை கடைக்குத் தோல் டாக்டரம்மா வந்தார். கண்ணாடிமேலேயே உட்கார்ந்து உடைக்கும் வழக்கமுள்ள பழைய வாடிக்கையாளர். வந்ததும் சிவப்பு ஃப்ரேமை எடுத்து மாட்டிக்கொள்ள, இவர் தன் வழக்கமான பாட்டைப் பாடி அவரைச் சோதனை அறைக்கு அழைத்துப் போனார். லென்ஸ் மாற்றிக்கொண்டே, வேறு யாருக்காகவோ கேட்பதுபோல, முடி நட ரோபோ நல்லதா கை நல்லதா என்று மெல்ல விட்டார்.

டாக்டரம்மா அவர் தொப்பியைப் பார்த்தார்.

"இதுவரைக்கும் யாராவது உங்க தலையைப் பார்த்தாங்களா?"

"இல்ல டாக்டர். போன்லயே முடிஞ்சுடுச்சு. நாளைக்கு ரோபோவுக்குத் தேதி."

"தொப்பியைக் கழட்டுங்க. முதல்ல தலையைப் பார்த்துடுவோம். ரோபோ எங்கயும் ஓடிப் போயிடாது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நாற்காலியில் இப்போது அவர் உட்கார்ந்தார். டாக்டரம்மா சோதனை விளக்கைப் பிடித்துப் பின்னந்தலையை விரலால் விலக்கி விலக்கிப் பார்த்தார்.

"ரெண்டுமே நல்ல முறைதான், ஒத்துவர்ற தலைக்கு. எதுல செஞ்சாலும் பின்னாடியிருந்து எடுத்துத்தான் முன்னாடி நடணும். உங்களுக்குப் பின்னாடியே மெலிஞ்சு கெடக்கு. எடுத்தா அந்த இடமும் சொட்டையாத் தெரியும், நட்டதும் நிக்கும்னு சொல்ல முடியாது. ரோபோவுக்குப் பின்னாலயும் ஒரு ஆள் நிக்கணும். அது டாக்டரா, எத்தனை பேருக்குச் செஞ்சவர்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. கிளினிக் வந்தால் மருந்து பற்றிப் பேசலாம், நடுவது மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டாக்டரம்மா சிவப்பு ஃப்ரேமையே எடுத்துக்கொண்டு போனார். இவர் தேன்குரல் பெண்ணைக் கூப்பிட்டு வெள்ளிக்கிழமையை ரத்து செய்தார். அவள் அப்போதும் தலையைப் பற்றிக் கேட்கவில்லை. ரோபோ வேண்டாமென்றால் கையால் செய்யலாமே என்றாள்.

அன்று மாலை தொப்பி இல்லாமல் நீச்சல் குளத்து வாசலில் போய் நின்றார். கழுத்தில் விசிலும் ஈரத் தலையுமாக வெளியே வந்த மனைவி அப்படியே நின்றுவிட்டாள். இருவரும் பாலம்வரை நடந்தார்கள். நடுப்பாலத்தில் அவர் எல்லாவற்றையும் கொட்டினார்: கல்யாண வீடு, ரோபோ, வெளியூர்ப் பொய்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அப்பா போய் ரெண்டு வருஷமாச்சு. அன்னிக்கு அந்தம்மா கேட்டதும் உங்களைத் திரும்பிப் பார்த்தேன். குருவிக்கூடுன்னு உங்களைக் கிண்டல் பண்ணின அப்பாவே, அதே வழுக்கைத் தலையோட என் பக்கத்துல உக்காந்திருக்கிற மாதிரி இருந்துச்சு. சிரிச்சுட்டேன். அப்புறம் கண் கலங்கிடுச்சு. சிரிச்சதை மட்டும் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டீங்க."

பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்தபடி அவள் தொடர்ந்தாள்.

"மிஷினா கையான்னு ஊரெல்லாம் கேட்டீங்க. தலையை ஒரு டாக்டர்கிட்ட காட்டல, மனசை என்கிட்ட காட்டல. ரெண்டையும் மூடி வெச்சுக்கிட்டு எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது தப்பாத்தாங்க போகும்."

காற்று பலமாக வீசியது. கலைப்பதற்கு அவர் நெற்றியில் ஒன்றுமில்லை. அவள் கையை நீட்டி, முன்பு சுருள் இருந்த இடத்தில் ஒற்றை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நடக்கத் தொடங்கினாள்.