லேபிள்காரர் வீட்டு ஸ்ட்ராபெர்ரி

சிவகாசி வெயிலில் மனுசனே வதங்கிப்போய்க் கிடக்கும்போது, ஸ்ட்ராபெர்ரி வளர்க்கலாம் என்று ஒருத்தருக்குத் தோன்றினால் ஒன்று அவருக்குக் காய்ச்சல் அடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் செய்ய வேலை இருந்திருக்கக் கூடாது. சங்கரபாண்டியனுக்குக் காய்ச்சல் இல்லை.

காலமெல்லாம் லேபிள் அச்சடித்த மனிதர். பட்டாசுப் பெட்டியின் மேலே இருக்கிற கிளி, மயில், கன்னம் உப்பிய குழந்தை எல்லாம் அவருடைய ப்ரெஸ்ஸில் பிறந்ததுதான். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு மகன் சரவணக்குமார் ப்ரெஸ் சாவியை வாங்கிக்கொண்டு, "வீட்ல ரெஸ்ட் எடுங்கப்பா" என்று சொல்லிவிட்டான். ரெஸ்ட் எடுப்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் வீட்டை நிர்வாகம் செய்ய ஆரம்பித்தார்.

முதலில் அடுக்களை. மனைவி பொன்னுத்தங்கம் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரத்தில் டப்பாக்களை எல்லாம் வரிசை மாற்றி, ஒவ்வொன்றிலும் லேபிள் ஒட்டி வைத்தார். அவள் வந்து உளுந்தை எடுக்கப் போனால் கையில் சீரகம் வந்தது. அடுத்து டிவி. அவள் சீரியல் பார்க்கிற நேரத்தில் இவருக்கு நியூஸ் வேண்டும். அதற்கப்புறம் வாசல். அவள் செருப்பைப் போட்டாலே போதும், "எங்க கெளம்பிட்ட?" என்று ஒரு குரல் வரும்.

"ப்ரெஸ்ல மெஷினுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்துச்சு. இவுகளுக்கு அத எங்க வச்சிருக்காகன்னு தெரியல" என்று பக்கத்து வீட்டுக் குருவம்மாளிடம் பொன்னுத்தங்கம் சொன்னது சுவர் தாண்டி அவர் காதில் விழுந்தது. நியாயமான பேச்சுதான் என்று அவருக்கே பட்டது. ஆனாலும் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்கும் தெரியவில்லையே, என்ன செய்ய!

அந்த ஆடியில் கொடைக்கானல் போய்வந்தவர் ஒரு கவருக்குள் ஸ்ட்ராபெர்ரிச் செடி ஒன்றைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பின்கட்டில் பச்சை வலை கட்டி, தேங்காய் நார்த்தூளும் தொழு உரமும் கலந்து, பெயிண்ட் வாளியில் நட்டார். மத்தியானம் வெயில் ஏறினால் ஓடிப்போய் ஈரச்சாக்கு சுற்றுவார். பொன்னுத்தங்கத்துக்குத் தலைவலி என்றபோது மாத்திரை எங்கே இருக்கிறது என்று கேட்டவர் அவர்.

செடி பிழைத்துக்கொண்டது. பிழைத்தது மட்டுமா, ஒரு மாதத்தில் செவ்வரி ஓடிய கொடி ஒன்றை வாளிக்கு வெளியே நீட்டியது. கொடியின் நுனியில் குட்டியாக ஒரு செடி. சங்கரபாண்டியனுக்கு வாயெல்லாம் பல்.

"தங்கம்! இங்கன வந்து பாரு, கிளை விட்டுருச்சு!"

"நல்லாருக்கு. காய் எங்க?"

"கிளை வந்தா காய் வராமலா போகும்?"

எப்படி வளர்ப்பது என்று போனில் ஒரு வீடியோ போட்டுப் பார்த்தார். கொடியின் நுனியை மண்ணில் படியவைத்துக் கம்பி குத்தினால் வேர் பிடிக்கும் என்று அதில் பேசிய பையன் சொன்னான். அதுவரைக்கும் முழித்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிந்திய நேரம் என்பதால் அதற்குமேல் கண் சொருகிவிட்டது. பாதி வீடியோ தந்த அறிவோடு களத்தில் இறங்கினார். ஒரு குட்டியைக்கூட விடவில்லை. பைண்டிங் கம்பியை வளைத்து வளைத்து எல்லாவற்றையும் மண்ணில் பதித்தார். அந்தக் குட்டிகளும் கொடி விட்டன. வாளி தீர்ந்து தொட்டி, தொட்டி தீர்ந்து தரை. புதினா இருந்த இடம் போனது, கறிவேப்பிலைக்கு அடியில் இருந்த இடம் போனது, கடைசியில் துணி துவைக்கிற கல்லைச் சுற்றியும் இலை.

"கொஞ்சத்த வெட்டி விடுங்க. கால் வைக்க எடமில்ல" என்றாள் பொன்னுத்தங்கம்.

வெட்டுவதா! ப்ரெஸ்ஸில் வந்த ஆர்டர் ஒன்றையும் வேண்டாம் என்று சொன்னவரில்லை அவர். மெஷின் தாங்காது என்று மெஷின்மேன் பால்பாண்டி கையைப் பிசைந்தாலும், "வரட்டும்லே, பாத்துக்கிடலாம்" என்பார். தானாக வருகிற கிளையை யாராவது கத்தரிப்பார்களா? மிஞ்சிய குட்டிகளைப் பிளாஸ்டிக் கப்பில் போட்டு, காதுகுத்து, புதுவீடு என்று எங்கே போனாலும் கொண்டுபோய்க் கொடுத்தார். கொஞ்ச நாளில், இவர் கையில் கப்போடு தெருவில் திரும்பினாலே சொந்தக்காரர்கள் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. குருவம்மாள் மட்டும் மறுக்காமல் வாங்கினாள். அவள் வீட்டு ஆடு அன்றைக்கே அதைத் தின்றுவிட்டது. இந்தச் செடியால் பசியாறிய ஒரே உயிர் அதுதான் என்று சங்கரபாண்டியனே ஒத்துக்கொள்வார்.

இதோடு நின்றிருந்தால் ஊர்க்காரர்கள் மறந்திருப்பார்கள். ஒருநாள் ப்ரெஸ்ஸிலிருந்து லோடு ஆட்டோ வந்து வாசலில் நின்றது. பால்பாண்டி பண்டல் பண்டலாக இறக்கினான். பொன்னுத்தங்கம் ஒன்றைப் பிரித்தாள். தேங்காய்ப் பருமனுக்கு, ரத்தச் சிவப்பில் ஸ்ட்ராபெர்ரி. மேலே தங்க எழுத்தில் 'எஸ்.பி. ஸ்பெஷல் ஜாம்'. கீழே 'கொடைக்கானல் தரம்'.

"இது என்னதுங்க?"

"லேபிளு."

"பழம்?"

"பழம் வரும். மொதல்ல லேபிள் ரெடியா இருக்கணும். பட்டாசுக்கு அப்படித்தான? உள்ள மருந்து ஏறுறதுக்கு முன்னாடியே படம் ஏறிரும்."

"அதுக்கு இம்புட்டா?"

"மெஷின ஓட்டுனா ஆயிரம் ஷீட்டாச்சும் ஓட்டணும் தங்கம். கொறச்சு ஓட்டுனா கட்டுப்படியாகாது."

கேலண்டர் சீசனில் பால்பாண்டியிடம் சொல்லி மெஷினை நிறுத்தி இதை ஓட்டவைத்ததற்குச் சரவணக்குமார் போனில் பெருமூச்சு மட்டும் விட்டான். பண்டல்கள் பொன்னுத்தங்கத்தின் கட்டிலுக்கு அடியில் போயின.

அவள் அதையும் பொறுத்தாள். பொறுக்க முடியாதது கார்த்திகையில் நடந்தது.

பின்சுவரை ஒட்டி அவளுடைய பிச்சிக் கொடி ஒன்று இருந்தது. கல்யாணமாகி வந்த புதிதில் அவள் நட்டது. அந்த வீட்டில் அவள் யாரையும் கேட்காமல் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான். சாயங்காலமானால் மொட்டுப் பறித்து, கட்டி, சாமிக்குக் கொஞ்சம், தலைக்குக் கொஞ்சம். சங்கரபாண்டியன் அதன் அடியில் மண்வெட்டியால் கொத்தி, புதுக் குட்டிகளுக்குப் பாத்தி கட்டியிருந்தார். வேர் அறுந்தது அவருக்குத் தெரியவில்லை. பிச்சி வாடியது, இலை கொட்டியது, காய்ந்தே போனது. தன் செடியில் ஒரு கொடியை வெட்ட மனசு வராதவர், அவள் செடியின் வேரையே வெட்டியிருந்தார்.

பொன்னுத்தங்கம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவரும் நாலு வார்த்தை பேசிச் சமாளித்திருப்பார். அலமாரியைத் திறந்து சேலைகளை எடுத்துப் பையில் வைத்தாள்.

"கோயம்புத்தூர் போறேன். பிரீத்திகாகிட்ட சொல்லிட்டேன். நாளைக்குப் பஸ்ஸு."

"மக வீட்டுக்குத்தான? போ, போ. எப்ப வருவ?"

"வரல. அங்கனயே இருந்துக்கிடுறேன்."

"என்ன பேச்சு பேசுற? ஒரு பூச்செடிக்கா?"

"பூச்செடிக்குன்னு நெனச்சீகன்னா அப்படியே வச்சுக்கோங்க" என்றாள். "நீங்க ப்ரெஸ்ஸுக்குப் போன காலத்துல இந்த வீட்ல எனக்குன்னு கொஞ்சம் எடம் இருந்துச்சு. இப்ப எங்கிட்டுத் திரும்புனாலும் நீங்கதான். மூச்சு முட்டுது."

சங்கரபாண்டியனுக்குப் பயம் வந்துவிட்டது. ஆபரேஷன் தியேட்டருக்குள் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அவருக்கு இந்தப் பயம் வரவில்லை. அன்றைக்கு வெளியே இவள் உட்கார்ந்திருந்தாள். இவள் இல்லாத வீட்டில் யாருக்காக எழுந்திருப்பது? மகனுக்குப் போன் போட்டார்.

"அம்மாகிட்ட மன்னிப்புக் கேளுங்கப்பா" என்றான் சரவணக்குமார்.

"அது எப்படிலே கேக்குறது?"

"கேட்டதே இல்லியா?"

அவர் போனை வைத்துவிட்டார். வேறு வழி தெரியாமல் அந்த வீடியோவையே மறுபடியும் போட்டார். இந்தத் தடவை தூக்கம் வரவில்லை. பாதிக்கு மேல் அந்தப் பையன் சொன்னான்: "கொடியை எல்லாம் விட்டீங்கன்னா செடியோட சத்து பூரா அதுக்கே போயிடும். பூக்காது, காய்க்காது. ரெண்டு மூணு வச்சுக்கிட்டு மிச்சத்தை வெட்டிருங்க." சங்கரபாண்டியன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இத்தனை மாதமும் பொன்னுத்தங்கம் சொன்னதைத்தானே இந்தப் பொடியனும் சொல்கிறான்! அவள் சொன்னபோது காது கேட்கவில்லை, போன் சொன்னால் கேட்கிறது. நல்ல காது.

மறுநாள் காலையில் அவள் பத்திரகாளியம்மன் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கத்தரிக்கோலோடு பின்கட்டுக்குப் போனார். முதல் கொடியை ரெண்டு தடவை தடவிப் பார்த்துவிட்டு வெட்டினார். அடுத்ததைத் தடவவில்லை. அப்புறம் வேகம் பிடித்துவிட்டது. மெஷின் ஓட ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத ஆள் அல்லவா! கொடி முடிந்ததும் குட்டி, குட்டி முடிந்ததும் செடி. தரையில் இருந்ததைப் பிடுங்கினார், தொட்டியில் இருந்ததைக் கவிழ்த்தார், வாளியில் இருந்த தாய்ச்செடியையும் வேரோடு இழுத்துப்போட்டார். அவள் வந்து பார்க்கும்போது பின்கட்டு பழையபடி இருக்க வேண்டும். அது ஒன்றுதான் அவர் மண்டையில் ஓடியது. வெட்டி முடித்துவிட்டு, மூச்சு வாங்க, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார்.

பொன்னுத்தங்கம் நெற்றியில் குங்குமத்தோடு வந்து நின்றாள். தரையைப் பார்த்தாள். விறுவிறுவென்று குழாயடி மூலைக்குப் போனாள். கவிழ்ந்து கிடந்த தொட்டியைப் புரட்டினாள்.

"அடப் பாவி மனுசா! இதையுமா?"

"எத?"

குவியலைக் கிளறி ஒரு செடியைத் தூக்கிக் காட்டினாள். அதில் ஒரு காய் தொங்கியது. சுண்டைக்காயைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் லேசாகச் சிவப்பு ஏறியிருந்தது.

"இது... எப்படி?"

"நீங்க தூங்குற நேரமாப் பாத்து இது ஒண்ணுக்கு மட்டும் கொடிய நறுக்கிட்டே வந்தேன். பூ விட்டுச்சு. அணிலு தின்னுரும்னு செரட்டையப் போட்டு மூடி வச்சிருந்தேன். பழுத்ததும் பறிச்சுத் தின்னுங்கன்னு சொல்லிட்டு பஸ் ஏறலாம்னு இருந்தேன். பழுக்க விட்டீகளா?"

சங்கரபாண்டியனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. போகிறவள் தனக்காக ஒரு காயைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள். அதையும் இந்தக் கைதான் பிடுங்கிப் போட்டிருக்கிறது.

"எனக்கு அளவு தெரியல தங்கம்" என்றார். "விட்டா எல்லாத்தையும் விட்டுருதேன். வெட்டுனா எல்லாத்தையும் வெட்டிருதேன். இம்புட்டு வயசாகியும் கூறு வரல பாரு."

"அது எனக்குத் தெரியாதா?"

"ஒன் பிச்சியக் கொன்னுட்டேன். தப்புதான்." கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "நீ போகாத. இது நீ புழங்குன வீடு. நான் ப்ரெஸ் மாடியில ஒரு கட்டிலப் போட்டுக்கிடுறேன். சோறு பால்பாண்டி வாங்கித் தருவான். ஒனக்கு எடஞ்சலா இருக்க மாட்டேன். நீ இரு."

சொல்லிவிட்டு எழுந்தேவிட்டார். உண்மையாகவே போகிறவர்தான். சட்டை மாட்ட உள்ளே கிளம்பியவரைப் பார்த்துப் பொன்னுத்தங்கத்துக்குக் கண்ணில் நீரும் வாயில் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"பாத்தீகளா! மறுபடியும் வேரோட! உங்கள யாரு வீட்ட விட்டுப் போகச் சொன்னது? நெஞ்சுல கம்பிய வச்சுக்கிட்டு மாடியில படுப்பாகளாம்ல! இருங்கன்னுதான் சொல்லுதேன். கொஞ்சம் எடம் விட்டு இருங்கன்னு சொல்லுதேன். இது மண்டையில ஏறாதா?"

அவர் நின்றார். ஏறியது. ஏறியதில் அழுகை வந்தது. அவள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

"அப்ப... பஸ்ஸு?"

"போவேன். பிள்ளையோட பத்து நாள் இருந்துட்டு வருவேன். நீங்க போன் போட்டு எங்க இருக்க, என்ன பண்ணுறன்னு உசுர வாங்கக் கூடாது."

"போட மாட்டேன்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "ஒரு நேரம் மட்டும்?" என்றார்.

"ராத்திரி சாப்பிட்டப்புறம். ஒரே ஒரு தடவ."

அவர் மறுபடியும் கல்லின் நடுவில் போய் உட்கார்ந்தார். அவள் காயைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நின்றாள்.

"தள்ளி உக்காருங்க" என்றாள்.

சங்கரபாண்டியன் கல்லின் ஓரத்துக்கு நகர்ந்தார். பொன்னுத்தங்கம் பக்கத்தில் உட்கார்ந்து, காயைக் கடித்து, முகத்தைச் சுளித்து, மீதிப் பாதியை அவரிடம் நீட்டினாள்.