சிவப்புக் கிண்டி

அம்மா இறந்த செய்தி மதியத்துக்கு மேல் வந்தது. இருட்டுவதற்குள் அடக்கம் என்றான் தம்பி தாணுலிங்கம். குழித்துறையிலிருந்து நானும் என் வீட்டுக்காரர் சுயம்புராஜும் காரில் புறப்பட்டோம். அம்மா வீடு நாகர்கோவில் தாண்டி இருக்கிறது. மண் போடுவதற்குள் முகம் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் எனக்கு.

தக்கலை வந்தபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஒரு படம் எரிந்தது. மூக்கு நீண்ட பாத்திரம், மூக்கு நுனியில் ஒரு சொட்டு.

"இது என்னது?" என்றேன்.

"கிண்டியாக்கும். தண்ணி கொறஞ்சிருக்கும்."

கால் கழுவ வாசலில் தண்ணீர் வைக்கிற அதே கிண்டி. எனக்கும் சரியென்றுதான் பட்டது. வண்டியை ஓரங்கட்டி, குடிக்கக் கொண்டுவந்த தண்ணீரை முன்பக்கம் திறந்து ஊற்றினார். லைட் அணையவில்லை. நாகர்கோவில் பஸ் ஒன்று பக்கத்தில் நின்றது.

"பஸ்ல போயிருவமா?"

"அது எல்லா ஸ்டாப்புலயும் நிக்கும். நீ ஏறு. ஓட ஓட அணையும்."

மஸ்கட்டில் பல வருஷம் ஏசி மாட்டிய மனுஷர். வண்டி விஷயத்தில் யார் சொன்னாலும் காதில் ஏறாது.

வில்லுக்குறி தாண்டியதும் இஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம் கேட்டது. வண்டி அப்படியே நின்றது. பிறகு கிளம்பவே இல்லை. எங்கள் வண்டி பார்க்கிற ஒர்க்‌ஷாப் பையன் எபினுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அது கிண்டி இல்ல, எண்ணெய் ஊத்துற கேனு. மஞ்ச லைட்டுன்னா பைய ஓட்டிட்டு வரலாம். இது செவப்பு, கண்ட எடத்துலயே ஆஃப் பண்ணணும். எண்ணெய் ஏறாம இஞ்சின் பிடிச்சிப் போச்சு."

வீட்டுக்காரர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. திட்டக்கூட நேரமில்லை, பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டு நின்றேன். மழை பிடித்துக்கொண்டது. தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, எங்க நிக்க?"

"வில்லுக்குறி. வண்டி நின்னுட்டு மக்கா. இந்தா, பஸ் வந்திரும்."

"குழியில தண்ணி ஊறுது. எல்லாரும் அவசரப்படுத்துதாவ. எவ்வளவு நேரமா புடிச்சி வச்சிருக்கேன். வீடியோல காட்டட்டா?"

கடல் தாண்டிப் போன பிள்ளைகளுக்குத்தான் இப்படிக் காட்டுவார்கள். நான் அரை மணி நேரத் தூரத்தில் நின்றேன். சரி என்றேன்.

திரையில் குடைகள் வந்தன, யாரோ ஒருவரின் தோள் வந்தது. தம்பி அழுதுகொண்டே பிடித்திருந்தான். வெள்ளைத் துணி தெரிந்தது, மறைந்தது. முகம் வருவதற்குள் படம் உறைந்துவிட்டது. அவன் குரல் மட்டும் கேட்டது.

"அக்கா, பாத்தியா? முகம் தெரிஞ்சுதா?"

இல்லை என்று சொன்னால் மறுபடியும் அத்தனை பேரையும் ஒற்றை ஆளாகத் தடுத்துக்கொண்டு நிற்பான். பக்கத்தில் இவர் மழையில் நனைந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்துட்டேன் மக்கா," என்றேன். "மூடச் சொல்லு."