நின்னு போகாதுனு எழுதிக் குடு

காத்தூன் பீவிக்கு யார் மீதும் சந்தேகம் வரும். ராயபுரத்தில் அவள் நடத்தும் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பாரை எண்ண ஒருவன், அவன் ஒழுங்காக எண்ணுகிறானா என்று பார்க்க இன்னொருவன், அந்த இன்னொருவனைப் பார்க்க அவளே. புருஷன் போன பிறகு இப்படித்தான் பிழைத்தாள். அதில் அவளுக்கு வெட்கமும் இல்லை.

அப்பேர்ப்பட்டவள் ஒரே மகள் ஜஸீமாவைச் சுஃபியானுக்குக் கொடுக்கச் சம்மதித்ததே பெரிய சங்கதி. கம்பெனி மெஷின்களை ஓட்டுகிற புரோகிராமை எழுதியவனும் அவன்தான். அங்கேதான் வினை வந்தது.

"இது பாதில மாட்டிக்கினு நின்னு போகாதுனு எழுதிக் குடு" என்றாள்.

"முடியாது மாமி. நல்லா சோதிச்சுட்டேன், நல்லாத்தான் ஓடுது. ஆனா எந்த புரோகிராமக் குடுத்தாலும், இது வேலைய முடிக்குமா, முடிக்காம சுத்திக்கினே கெடக்குமானு கரீட்டா சொல்ற புரோகிராம யாராலயும் எழுத முடியாது. அதக் கணக்குலயே நிரூபிச்சு வெச்சிருக்காங்க."

யாராலும் முடியாதாம்! படித்தவன் நழுவுகிற நழுவலைப் பார் என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஒரு கையெழுத்துக்கே பின்வாங்குகிறவன் நாளைக்கு மகளை நட்டாற்றில் விட்டால்? எழுதிக் கொடுக்காவிட்டால் நிக்காஹ் இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். ஜஸீமா அம்மாவோடு பேச்சை நிறுத்தினாள்.

மறுநாளே தண்டையார்பேட்டையிலிருந்து டில்லிபாபு வந்தான், புரோகிராம்களைச் சோதிக்கும் புரோகிராம் விற்கிறவன்.

"எதப் போட்டாலும் முடிக்குமா மாட்டிக்குமானு சொல்லிடும்மா. நூறு பர்சன்ட் கேரண்டி. எங்க கையெழுத்து போடணும்?"

இவ்வளவு சுலபமாகப் போடுகிறானே என்று காத்தூன் பீவிக்குச் சுருக்கென்றது.

"உன்னுதையே அதுக்குள்ள போடு. அது இன்னா சொல்துனு பாக்கலாம்."

போட்டான். லேப்டாப் திரையில் வட்டம் சுற்றியது. மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது, அப்போதும் சுற்றியது. "இப்போ முடிஞ்சிடும்மா" என்றான். சாயங்காலம் அஸர் தொழுகைக்கும் முடியவில்லை. டீ குடிக்கப் போன டில்லிபாபு திரும்பவேயில்லை. லேப்டாப்பை எடுத்துப்போக ஓர் ஆள்தான் வந்தான்.

அவள் சுஃபியானைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஏன்டா, அப்போ எத நம்பிப் பொண்ணக் குடுக்கறது? கடைசி வரைக்கும் வெச்சுக் காப்பாத்துவேனு அதையாச்சும் எழுதிக் குடேன்."

சுஃபியான் தலையைக் குனிந்துகொண்டான். "காப்பாத்தணும்னுதான் மாமி ஆசை. கடைசி வரைக்கும் இன்னா நடக்கும்னு எனக்குத் தெரியாது."

பாவி, இந்த நேரத்திலாவது ஒரு பொய்யைச் சொல்லித் தொலைத்தால் என்ன? கேட்டதுமே கையெழுத்துப் போட வந்தவன்தான் டீ குடிக்கப் போய்த் திரும்பவில்லை. அவளுக்குப் பயம் அப்படியேதான் இருந்தது.

"போய் உங்கம்மாவக் கூட்டிக்கினு வா" என்றாள். "தேதி வெச்சுடலாம்."